ஏழாம் கணக்கில் விழுந்த லிஃப்ட்

மதிப்பிற்குரிய இயற்பியல் பேராசிரியர் அம்மா அவர்களுக்கு,

தங்களிடம் நவீன இயற்பியல் படிக்கும் இரண்டாமாண்டு மாணவியின் தகப்பன், லிஃப்ட் மெக்கானிக், பணிந்து எழுதிக்கொள்வது. தாங்களும் குடும்பத்தாரும் நலமாக இருப்பீர்கள். நாங்கள் அப்படி இல்லை.

வாரம் பன்னிரண்டு கணக்கு வீட்டுப்பாடம் தருகிறீர்கள். சாப்பாட்டு மேசை முழுக்க அவள் தாள்கள். நாங்கள் தட்டைக் கையில் ஏந்தி நின்றபடியே சாப்பிடுகிறோம். போன செவ்வாய்க்கிழமை பேனாவைத் தூக்கிப் போட்டுவிட்டு, "இதைப் படிச்சு என்னப்பா ஆகப்போகுது? இந்தப் பாடத்தையே விட்டுடறேன்" என்று அழுதாள். பெற்ற மனம் கேட்குமா? வாங்கிப் பார்த்தேன். ஏழாம் கணக்கு: லிஃப்டின் கயிறு அறுந்து விழுகிறது, உள்ளே எடை மெஷின் மேல் நிற்பவருக்கு அது என்ன எடை காட்டும்? அம்மா, என் இருபத்தாறு வருஷ சர்வீஸில் ஒரு கயிறும் அறுந்ததில்லை. 'அறுத்தால்' என்று கேளுங்கள், ஒப்புக்கொள்கிறேன். 'அறுந்தால்' என்று கேட்பது தொழிலுக்கே அவமானம். "ஆறு ரோப் இருக்கு, ஆறும் போனாலும் பிரேக் பிடிச்சுக்கும், எடை மாறாதுன்னு எழுதும்மா" என்றேன். எழுதினாள். முட்டை போட்டீர்கள்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. எடை மெஷினை எங்கள் குடியிருப்பு லிஃப்டுக்குள் வைத்து மனைவியை ஏற்றினேன். கீழே கிளம்பிய நொடியில் எழுபத்திரண்டு கிலோ அறுபத்தைந்து ஆனது. ஒரு நொடிதான், ஆனால் அந்த ஒரு நொடியை அவள் வீடு வீடாகப் போய்ச் சொல்லிவிட்டாள். மறுநாள் லிஃப்ட் வாசலில் வரிசை. என்னோடு ஐந்து பெண்கள் ஏறினார்கள். எதிர்வீட்டுத் தையல்கார அக்கா, "குதிச்சா இன்னும் குறையுமாம்" என்று சொல்லப்போக, ஐவரும் சேர்ந்து குதித்தார்கள். பிரேக் பிடித்துக்கொண்டது. மூன்றாம் மாடிக்கும் நாலாம் மாடிக்கும் நடுவே நாற்பது நிமிஷம் தொங்கினோம். எங்கள் கம்பெனி மேனேஜர் விளக்கம் கேட்டு மெமோ அனுப்பினார். காரணம் என்ற இடத்தில் 'வீட்டுப்பாடம்' என்று எழுதிக் கொடுத்தேன்.

ஆகவே என் மகளைத் தங்கள் பாடத்திலிருந்து விடுவித்துவிடுங்கள். விலகல் படிவத்தில் கையெழுத்துப் போட்டு இணைத்திருக்கிறேன்.

தாங்கள் ஏறும் லிஃப்ட் எல்லாம் பத்திரமாகத் தரை சேர வேண்டும் என்று வாழ்த்தும்,
மாணவியின் தகப்பன்

பி.கு.: எழுத்துப்பிழை பார்க்க இதை மகளிடம் கொடுத்தேன். பாதியில் சிரித்துவிட்டாள், அவள் சிரித்து நாளாயிற்று. அப்புறம் என்ன தோன்றியதோ, படிவத்தைத் திருப்பிப் போட்டு, அதன் பின்பக்கத்தில் ஒன்பதாம் கணக்கைப் போட ஆரம்பித்துவிட்டாள். விடை சரியாக வந்துவிட்டதாம். தாங்கள் தயவுசெய்து பின்பக்கத்தை மட்டும் பாருங்கள்.