அறுபது வயது முயல்குட்டி

கஸ்ஸல், வியாழக்கிழமை

பெருமதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

தாங்களும் தங்கள் குடும்பத்தாரும் நலமாக இருக்க வேண்டும் என்று எழுதுவதுதான் முறை. இருங்கள். நான் நலமாக இல்லை. வெளியில் மானமும் போய், வீட்டில் நிம்மதியும் போய் நிற்கிறேன், எல்லாம் தங்கள் பத்திரிகையால்.

போன சனிக்கிழமை பிறந்தநாள் விளம்பரப் பக்கத்தில், மூன்று வயதில் நான் கழிப்புச் சட்டியில் உட்கார்ந்து பிஸ்கட் தின்னும் படத்தைப் போட்டு, "எங்கள் முயல்குட்டி வோல்கார்டுக்கு அறுபதாம், நம்ப முடிகிறதா? முத்தங்களுடன், உன் சுண்டெலி" என்று அச்சடித்திருக்கிறீர்கள். கொடுத்தவள் என் மனைவி அன்னகிரேட்தான். எல்லா வீட்டிலும் கொடுக்கிறார்கள், தெரியும். வாங்கிப் போடுகிறவருக்குப் புத்தி வேண்டாமா? நான் ஆற்றங்கரைத் தோட்டச் சங்கத்தின் தலைவர். வேலிச்செடி அளவுக்கு மேல் வளர்ந்தால் வெட்டச் சொல்கிறவன். மதிய ஓய்வு நேரத்தில் ஊசி விழுந்தாலும் போய்க் கேட்கிறவன்.

சத்தமே போடக் கூடாத ஞாயிற்றுக்கிழமை, அதுவும் மதியம், பக்கத்துத் தோட்டத்து டெட்லெஃப் கூப்கா புல் வெட்டும் இயந்திரத்தை ஓட்டினான். போய் நின்றேன்.

"கூப்கா, அதை நிறுத்துங்க. சட்டம் தெரியுமில்ல?"

"தெரியும் முயல்குட்டி. புல்லைத்தான் வெட்டறேன். உனக்கும் ஒரு கட்டு எடுத்து வைக்கவா?"

அவன் பெண்டாட்டி வேலிக்கு அந்தப் பக்கம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவனை அவள் நடுச்சந்தையில் "என் கரடிக்குட்டி" என்று கூவுவாள், ஒருத்தரும் திரும்பிப் பார்ப்பதில்லை. இந்த நாட்டில் குட்டி என்று செல்லம் கொஞ்சாமல் எதைத்தான் விட்டுவைத்தார்கள்? ரொட்டிக்கடைக்காரி குட்டிப் பை வேண்டுமா, குட்டிக் காபி வேண்டுமா என்கிறாள். பீர்கூட குட்டி பீர், குடிக்கிறது மட்டும் குடம் குடமாக.

அந்தக் கோபத்தோடு வீட்டுக்கு வந்து கத்தினேன். எனக்குப் பெற்றவர்கள் வைத்த பேர் இருக்கு, இனிமே அதைச் சொல்லிக் கூப்பிடு என்றேன். அவள் "சரி, வோல்கார்ட்" என்றாள். அன்றிலிருந்து அதேதான். "வோல்கார்ட், முட்டை வெந்துடுச்சு." "வோல்கார்ட், நான் படுக்கப் போறேன்." கல்யாணப் பதிவின்போது சொன்னதோடு சரி, அந்தப் பெயரை அவள் வாயில் நான் கேட்டதே இல்லை. பல் டாக்டர் வாசலில் என் முறை வந்து கூப்பிடுவது போல் இருக்கிறது. நேற்று நானே இறங்கிப்போய், "இன்னும் கோபமா, சுண்டெலி?" என்று கேட்டேன்.

"என் பேர் அன்னகிரேட்" என்றாள்.

இதற்கு யார் ஐயா பொறுப்பு? வரும் சனிக்கிழமை அதே பக்கத்தில், அதே அளவில், "ஆற்றங்கரைச் சங்கத் தலைவர் திரு. வோல்கார்ட் ரீஸெமான் முயல்குட்டி அல்லர்" என்று மறுப்பு வெளியிட வேண்டும். தவறினால் வக்கீலோடு வருவேன். சந்தாவையும் நிறுத்துவேன்.

தங்கள் அச்சகம் செழிக்கட்டும், தங்கள் பிள்ளைகள் நன்றாயிருக்கட்டும் என்று மரியாதைக்காக வாழ்த்தி முடிக்கிறேன்.

குறையாத சினத்துடன்,
வோல்கார்ட் ரீஸெமான்
தலைவர்

பின்குறிப்பு: உறை எடுக்கப் போனேன். அன்னகிரேட் அடுக்களையில் மகளிடம் போனில் பேசிக்கொண்டிருந்தாள். "அப்பா நல்லாத்தான் இருக்காரு. அவரை எப்படிக் கூப்பிடறதுன்னுதான் எனக்குத் தெரியல" என்றாள், குரல் உடைந்திருந்தது. மறுப்பு வேண்டாம் ஐயா. "சுண்டெலியே, மன்னித்துவிடு. உன் முயல்குட்டி" என்று போடுங்கள். கீழே என் முழுப் பெயரும் பதவியும் இருக்கட்டும். கூப்கா கண்ணாடி இல்லாமல் படிக்கிற அளவுக்கு எழுத்து பெரிதாக இருக்க வேண்டும்.