ஆடுகிற கெலிப்பர்

அன்று அந்த முற்றத்தில் நின்றவர்கள்: ஹஸீனா, அந்த வீட்டைச் சீதனமாக எடுத்த அவளுடைய மூத்த மகள் றுமானா, வீட்டோடு வந்து குடியிருக்கும் றுமானாவின் புருஷன் முனாப், ஓட்டமாவடியிலிருந்து சம்பந்தம் பேச வந்த நஸீபா, அவள் மகன் மின்ஹாஜ், மின்ஹாஜின் வெள்ளைக் கார். கலியாணம் பேசப்பட்ட இளையவள் நிஸ்றா ஜன்னலுக்குப் பின்னால் நின்றாள். அவளை யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

நஸீபா செருப்பைப் போட்டுவிட்டாள்.

"இளைய மகளுக்குக் கட்டுற வீட்டுக்குக் கூரையே இல்ல. என்ட மகன் மழைக்கு எங்க ஒதுங்குற? முடிச்சிட்டுச் சொல்லுங்க. நாங்க வாறம்."

இப்படி 'வாறம்' என்று போனவர்கள் யாரும் வந்ததில்லை. போன சம்பந்தம் முனாப் சிரிப்புக்காக விட்ட பகிடியால் முறிந்தது. "இதயும் கெடுத்தா வீட்டுக்குள்ள வராதீங்க" என்று றுமானா காலையிலேயே சொல்லியிருந்தாள். வீடு அவளுடையது. சொன்னால் செய்வாள்.

மின்ஹாஜுக்கு டோஹாவில் 'கொம்பனியில' வேலை. என்ன வேலை என்று யாரும் கேட்கவில்லை, சம்பளத்தைத்தான் கேட்டார்கள். நிஸ்றா கொடுத்த தேத்தண்ணியை ஊதாமல் குடித்து நாக்கைச் சுட்டுக்கொண்டவன், இப்போதுதான் முனாபை அண்ணன் முறை வைத்துக் கூப்பிட்டு வாயைத் திறந்தான்.

"வரக்குள்ள முன் வீல்ல ஒரு சத்தம் கேட்டிச்சி, காக்கா."

முனாபுக்கு உயிர் வந்தது. திரைச்சீலைக் கடைக்காரன்தான், ஆனால் கார் வீடியோ ஒன்றையும் விடமாட்டான். காரைத் திருத்திக் கொடுத்தால் நஸீபாவின் மனம் இளகாதா?

"பிறேக்காத்தான் இரிக்கும். கொஞ்சம் பொறுங்க, தம்பி."

வீலைக் கழற்றி, பிறேக் தட்டைக் கவ்வியிருந்த கெலிப்பரை ஆட்டிப் பார்த்தான். அது நகர்ந்தது. போனில் வீடியோ ஓடியது: நிலையான கெலிப்பரில் இரண்டு பக்கமும் பிஸ்டன், அது அசையவே கூடாது. அடுத்த வகையைச் சொல்லத் தொடங்கும்போது டேட்டா முடிந்தது.

"பார்த்தீங்களா? கழண்டு ஆடுது."

போல்டுகளை இறுக்கினான்.

"இன்னும் கொஞ்சம் ஆடுது போல, காக்கா" என்றான் டோர்ச் பிடித்துக்கொண்டிருந்த மின்ஹாஜ்.

முனாப் கம்பி போட்டுக் கட்டினான்.

"இப்பயும் ஆடுது."

பக்கத்து வீட்டு உசனாரைக் கூப்பிட்டான். அவர் வெல்டிங் வைத்து இரும்புக் கேற் ஒட்டுகிறவர்.

"நான் காருக்கு ஒட்டினதில்லயே, மருமகன்."

"கேற் ஆடினா என்ன செய்வீங்க?"

"ஒட்டுவன்."

"அப்ப ஒட்டுங்க."

உசனார் இரண்டு இடத்தில் ஒட்டினார். உள்ளே இருந்த இறப்பர் உருகி நாறியது. வீலை மாட்டி, பிறேக்கை ஒருதரம் மிதித்தார்கள். பிடித்தது. பிறகு விடவே இல்லை. கார் ஓர் அங்குலம்கூட நகரவில்லை.

றுமானா தன் போனிலிருந்து டேட்டா கொடுத்தாள். வீடியோவின் மிச்சம் எல்லோருக்கும் கேட்கும்படி ஓடியது: "மிதக்கும் கெலிப்பரில் ஒரு பக்கம் மட்டுமே பிஸ்டன். அது நகர்ந்தால்தான் பிறேக் ஒழுங்காக வேலை செய்யும். சின்னக் கார்களில் இருப்பது இதுதான்."

முனாப் போனைக் கவிழ்த்து வைத்தான்.

"நகர வேண்டியதப் புடிச்சி ஒட்டிட்டாரா?" என்றாள் நஸீபா.

"ஓட்டோ ஒண்டு புடிக்கட்டா, மாமி?" என்றான் முனாப்.

"ஓட்டோவில உழுந்துதான் இந்த முதுகு இப்படிக் கிடக்கு."

"பஸ்?"

"வயித்தப் பெரட்டிச் சத்தி வரும்."

பொழுது சாய்ந்து மஹ்ரிபு பாங்கு கேட்டது. ஹஸீனா நஸீபாவின் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டாள். நிஸ்றா வெளியே வந்து, முதுகுக்குத் தைலம் தேய்த்துவிடுவதாகச் சொல்லி உள்ளே கூட்டிப்போனாள். கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து நஸீபாவின் சிரிப்புச் சத்தம் வந்தது.

முனாப் தண்ணீர் குடிக்க உள்ளே போனான். றுமானா பாயையும் தலையணையையும் அவன் கையில் கொடுத்து வெளியே தள்ளினாள்.

"கார் ஓடினாப் பொறகு வாங்க."

கதவு அவனுக்குப் பின்னால் சாத்தப்பட்டது. சாவி இரண்டு சுற்றுச் சுற்றியது.

"மன்னிச்சிக்கங்க, தம்பி" என்றான் முனாப். "ஒங்கட காரையும் கெடுத்திட்டன்."

காரடியில் நின்ற மின்ஹாஜ் வந்து பாயின் மறு நுனியைப் பிடித்து விரித்தான்.

"ஆறு வருஷமா டோஹாவில பிறேக் வேலை மட்டும்தான் செஞ்ச, சகலன், புதுக் கெலிப்பர் டிக்கியில கிடக்கு, உம்மா ஓமெண்டு சொன்னோடன மாட்டிருவன்."