மாப்பிள்ளை வீட்டார் வந்தபோது தைபட்டு நின்றேன்

எந்த வேலையையும் பழகி முடிப்பதற்கு முன்பே அதில் நான் கெட்டிக்காரி என்று ஊருக்கே சொல்லிவிடுவது என் குணம். (சொல்லிவிட்டால் பிறகு எப்படியும் வந்துவிடும் என்று ஒரு நம்பிக்கை.)

கல்முனையில் வீட்டோடு தையல் கடை வைத்திருக்கிறேன். அங்கே அபாயாவும் யன்னல் திரையும் தைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். போன வருடம் கொழும்பிலிருந்து நீளக்கை குவில்ட் மெஷின் ஒன்றை இறக்கினோம். இரண்டு துணிகளுக்கு நடுவே பஞ்சை வைத்துத் தைத்துப் போர்வையாக்குகிற மெஷின் அது. கட்டிலை விடப் பெரிய சட்டம். அதை வைக்க ஹோலில் சாய்ந்து உட்காரும் செற்றியை வெளியே தள்ள வேண்டி வந்தது. சாதாரண மெஷினில் ஊசி ஓரிடத்தில் நிற்கும், நாம் துணியை நகர்த்துவோம். இதில் துணி சட்டத்தில் கிடக்கும். கைபிடிகளைப் பிடித்து மெஷினையே பேனைபோல் அதன்மேல் ஓட்டிப் பூவும் கொடியும் கீற வேண்டும். வீடியோவில் ஒரு வெள்ளைக்காரி கதைத்துக்கொண்டே ரோஜாத் தோட்டம் போட்டாள். நான் போட்ட முதல் ரோஜாவைப் பார்த்த என் கணவர், "நண்டு நல்லா வந்திரிக்கி" என்றார்.

அப்படியிருந்தும், என் தங்கை றிஸ்னாவின் கலியாணக் கட்டிலுக்கு நானே குவில்ட் போடுவேன் என்று மாப்பிள்ளை வீடு வரை சொல்லி அனுப்பியிருந்தேன். எங்கள் பக்கம் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிவருவார். அவருடைய ஆட்கள் வந்ததும் முதலில் பார்ப்பது அந்த அறையையும் கட்டிலையும்தான்.

கலியாணத்துக்கு முந்தின வாரம். முற்றத்தில் லைற் கட்டும் ஆட்கள் நின்றதால் தலையில் நீல ஸ்கார்ஃப் குத்தியிருந்தேன். கடைசி மூலையைத் தைக்கக் குனிந்தபோது ஸ்கார்ஃபின் நுனி துணியில் விழுந்தது. நான் காணவில்லை, ஊசி கண்டது. பதறிப்போய்க் கைபிடியை என் பக்கம் இழுத்தேன். ஓடுகிற மெஷினை இழுத்தால் அது தைத்துக்கொண்டேதான் வரும் என்ற அறிவு அப்போது இல்லை. ஊசி என் முகத்தருகே, நாடிக்கு ஒரு சாண் தூரம் வரை வந்துவிட்டது. றிஸ்னா ஓடிவந்து பிளக்கைப் பிடுங்கினாள்.

அதே நேரம் வாசலில் ஸலாம் கேட்டது. மாப்பிள்ளையின் உம்மா, தன் காக்காவையும், அதாவது அண்ணனையும், கூட்டிக்கொண்டு அறை பார்க்க வந்திருந்தார். றிஸ்னா என்னை அப்படியே விட்டுவிட்டு உள்ளே ஓடி ஒளிந்தாள். (மணப்பெண்ணுக்கு வெட்கமாம்.) அந்த மாமி மட்டும் வந்திருந்தால் ஸ்கார்ஃபைக் கழற்றிவிட்டு நிமிர்ந்திருப்பேன். ஆம்பிளை ஒருவர் முன்னால் எப்படி?

"ஏன் மகள் குனிஞ்சே நிக்கிறாய்?" என்றார் மாமி.

"சின்ன வேல மாமி. இதுல கண்ணெடுக்கேலா. நீங்க அறையப் பாருங்க."

மாமி அறைக்குப் போனார். அவருடைய காக்கா போகவில்லை. நெல் ஆலை நடத்தியவர். மெஷின் என்றால் விடமாட்டார். சட்டத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"மோட்டர் எங்க மகள் இரிக்கி?"

"உள்ளுக்கு மாமா."

"ஒருக்கா ஓட்டிக் காட்டுங்களன்."

"இப்ப ஏலா மாமா."

"ஏன்? ஆ, பிளக் கழண்டெல்லா கிடக்கி!" என்று அதை எடுத்துச் செருகக் குனிந்தார்.

"வேணாம் மாமா!"

நான் போட்ட சத்தத்தில் லைற் கட்டியவர்களும் எட்டிப் பார்த்தார்கள். மாமி ஓடிவந்தார். "என்னகா நடந்த?"

"மாமி, நான் தைபட்டுப் போனன்."

மாமி கிட்ட வந்து பார்த்தார். காக்காவை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினார். பிறகுதான் சிரித்தார், நிற்க ஏலாமல் உட்காரக் கதிரையைத் தேடும் அளவுக்கு.

"றிஸ்னா, கத்திரிக்கோலக் கொண்டா புள்ள!"

தையல் அவ்வளவு நெருக்கம், பிரிக்க முடியவில்லை. ஸ்கார்ஃபைத்தான் வெட்டினோம். ரோஜாக்களுக்கு நடுவே உள்ளங்கை அகலத்தில் நீலத் துண்டு அப்படியே நின்றுவிட்டது. எனக்கு அழுகை வந்தது. "கடையில வேற வாங்கி விரிக்கிறன் மாமி" என்றேன்.

"இதத்தான் விரிக்கணும். என்ட மகன் எப்பிடிப்பட்ட சனத்துக்கிட்ட வந்திரிக்கான் எண்டு அவனுக்கும் விளங்கட்டும்."

அதையேதான் விரித்தோம். இன்றும் அந்தக் கட்டிலில்தான் கிடக்கிறது. மாமி வீட்டு விருந்துக்குப் போய், புறப்படுகிற நேரத்தில் றிஸ்னாவின் ராத்தாவான நான் எழும்பக் கொஞ்சம் பிந்தினாலும் போதும், அடுப்படியிலிருந்து மாமியின் குரல் வரும்:

"றிஸ்னா, ராத்தாக்குக் கத்திரிக்கோல எடுத்துக் குடு புள்ள!"