சிவப்புப் பூ யாருக்கு வந்தது?

எனக்குச் சாமி நம்பிக்கை கிடையாது. ஆனால் பக்கத்து அறையில் யாராவது சாமியைப் பற்றிப் பேசினால் என் காது தானாக அங்கே போய்விடும். கொஞ்ச நேரத்தில் வாயும் போய்விடும். சர்க்கரை வியாதிக்காரர்கள் விருந்து வீட்டில் லட்டைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பார்களே, கிட்டத்தட்ட அந்த நிலைமைதான். "ஒனக்குத்தான் நம்பிக்க இல்லியே, பின்ன ஏன்டி அந்தப் பேச்சுல போய்க் குந்திக்கினு இருக்க?" என்று அம்மா கேட்காத வாரமில்லை. வீட்டின் பெரிய முடிவுகளெல்லாம் அந்தப் பேச்சில்தான் எடுக்கப்படுகின்றன, எழுந்து போய்விட்டால் நம்மைக் கேட்காமலே எடுத்துவிடுவார்கள் என்று நான் கம்பீரமாகப் பதில் சொல்வேன். அந்தக் கம்பீரம் திண்டிவனத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் கிழிந்து தொங்கியது.

என் தங்கை சௌமியாவின் கல்யாணம் பேசப் போயிருந்தோம். மாப்பிள்ளை தினேஷ் அவளோடு கல்லூரியில் படித்தவன். இருவரும் நான்கு வருடம் காத்திருந்து, இரண்டு வீட்டாரையும் கெஞ்சிக் கூத்தாடி அந்த ஒரு நாளை வாங்கியிருந்தார்கள். தினேஷுக்கு அப்பா இல்லை. அந்த வீட்டில் அவனுடைய பெரியப்பா கோதண்டம் வைத்ததுதான் சட்டம். அவர் சரி என்றால் கல்யாணம், இல்லை என்றால் இல்லை.

விழுப்புரத்தில் கார் கிளம்பியதுமே அம்மா எனக்குப் பாடம் நடத்தத் தொடங்கினாள். (நான் பிளஸ் டூ பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுப்பவள். நடத்தித்தான் பழக்கம், கேட்டுப் பழக்கமில்லை.)

"சரிங்க, ஆமாங்க. இந்த ரெண்டத் தவுர வேற வார்த்த ஒன் வாயிலருந்து வரக்கூடாது."

விக்கிரவாண்டி தாண்டும்போது சௌமியா என் கையைப் பிடித்து, "அக்கா, இன்னிக்கி மட்டும்" என்றாள். அவள் கை ஐஸ் மாதிரி இருந்தது. வாயைத் திறக்கவே கூடாது என்று அப்போது மனதார முடிவு செய்தேன்.

திண்டிவனத்தில் அந்த முடிவு முக்கால் மணி நேரம் தாக்குப்பிடித்தது. கேசரி வந்தபோது சரிங்க என்றேன். பஜ்ஜி வந்தபோது ஆமாங்க என்றேன். "பெரியவளுக்கு முப்பது ஆவுதே, அத முடிக்காம சின்னதுக்கு எப்பிடி?" என்று யாரோ கேட்டதற்குக்கூட, ஏதோ அது வேறு யாரையோ பற்றிய பேச்சு என்பதுபோல, ஆமாங்க என்றேன். அம்மா என்னைப் பெருமையோடு பார்த்த மிகச் சில தருணங்களில் அது ஒன்று.

பிறகு கோதண்டம் மாமா தொண்டையைச் செருமினார். "எல்லாம் திருப்திதான். ஏரிக்கர அம்மங்கிட்ட பூ கேட்டுட்டம்னா முடிஞ்சிது."

பூ கேட்பது என்றால் இதுதான். ஓர் இலைப் பொட்டலத்தில் வெள்ளைப் பூ, இன்னொன்றில் சிவப்புப் பூ. இரண்டையும் ஒரே மாதிரி கட்டி அம்மன் காலடியில் வைப்பார்கள். ஒருவர் போய் ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் அம்மன் உத்தரவு கொடுத்துவிட்டாள். சிவப்பு வந்தால் அந்தப் பேச்சை அங்கேயே விட்டுவிட வேண்டும். அவர்கள் குடும்பத்தில் சிவப்பு வந்து நடந்த கல்யாணம் ஒன்றுகூட இல்லையாம். நான்கு வருடக் காத்திருப்பு ஒரு பொட்டலத்தில் முடியப்போகிறது என்றதும் எனக்கு ரத்தம் தலைக்கேறியது.

"ஏன் மாமா, ரெண்டு பொட்டலம்னா பாதிக்குப் பாதி வாய்ப்பு. அதுக்குக் காச சுண்டி விட்டுப் பாத்துட்டுப் போயிடலாமே? வெயில்ல கோயிலுக்குப் போற வேல மிச்சம்."

அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். கோதண்டம் மாமா கத்தியிருந்தால் நான் சமாளித்திருப்பேன்; மனிதர் சிரித்தார்.

"நீ சாமி கும்புட மாட்டியாம்மா?"

"இல்லிங்க மாமா."

"ரொம்ப நல்லதாப் போச்சி. ஆச வச்சவங்க கை ஒரு பக்கமா சாயும். ஒனக்குத்தான் ஒண்ணுமில்லியே. நீயே வந்து எடு."

யோசித்துப் பாருங்கள். மாட்டேன் என்றால் அந்தப் பொட்டலத்தில் ஏதோ இருக்கிறது என்று ஒப்புக்கொண்டதாகிறது. சரி என்றால் தங்கையின் வாழ்க்கை என் கையில். கணக்கு டீச்சர் என்ன செய்வாள்? "சரிங்க" என்றேன். (அம்மா சொல்லிக்கொடுத்த வார்த்தைதான்.)

கோயில் சின்னது. பன்னிரண்டு பேர் நின்றதும் நிறைந்துவிட்டது. பூசாரி இரண்டு பொட்டலங்களை வைத்து, கற்பூரம் காட்டி, என்னைப் பார்த்துத் தலையசைத்தார். நான்கு அடிதான் நடக்க வேண்டும். சௌமியா தினேஷைப் பார்க்கவில்லை, அம்மனையும் பார்க்கவில்லை. என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் குனிந்து இரண்டு பொட்டலங்களையும் ஆராய்ந்தேன். வெள்ளை நந்தியாவட்டை, சிவப்பு அரளி. அரளி கொஞ்சம் விறைப்பாகத்தானே இருக்கும்? வலதுபக்கப் பொட்டலத்தை மெதுவாக விரலால் அழுத்தினேன்.

"அமுக்கக் கூடாதும்மா" என்றார் பூசாரி.

பின்னால் யாரோ உச்சுக்கொட்டினார்கள். காது சூடாகிவிட்டது. பாதிக்குப் பாதி, பாதிக்குப் பாதி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வகுப்பில் சொல்லும்போது பெரிய எண்ணாகத் தெரிந்த பாதி அங்கே ரொம்பச் சின்னதாக இருந்தது. அப்போது ஒன்று நடந்தது, ஒப்புக்கொள்கிறேன். "தாயே, சௌமியாவுக்கு வெள்ளையாக் குடுத்துடு" என்று உள்ளுக்குள் சொன்னேன். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. சொல்லிவிட்டு இடதுபக்கப் பொட்டலத்தை எடுத்தேன்.

பூசாரி நாரை அவிழ்த்தார். சிவப்பு.

அம்மா "ஐயோ" என்று தூணில் சாய்ந்தாள். தினேஷ் தரையைப் பார்த்தான்.

"இன்னொரு தடவ! இன்னொரு தடவ எடுக்கறேன்! மூணு தடவ எடுத்து, ரெண்டு தடவ எது வருதோ..."

"ஏம்மா," என்றார் கோதண்டம் மாமா, கோபமே இல்லாமல், "இல்லாத சாமிகிட்ட எதுக்கு இன்னொரு தடவ கேக்கற?"

என் வாய்க்கொழுப்பால் தங்கையின் கல்யாணத்தைக் கெடுத்துவிட்டேன் என்று நினைத்தபோது, சாமி கோயில் என்றும் பார்க்காமல் ஓவென்று அழத் தோன்றியது.

சௌமியா அழவில்லை. முந்தானையைச் சரிசெய்துகொண்டு பூசாரியிடம் போனாள்.

"ஐயா, பூ எடுக்கறவங்க, இன்னாருக்கு இன்ன காரியம்னு மனசுல நெனச்சிக்கினுதான எடுக்கணும்?"

"ஆமாம்மா. நெனைக்காம எடுத்தா அது கேட்டதாவே ஆவாது."

அவள் என் பக்கம் திரும்பினாள். "நீ என்னை நெனச்சியாக்கா?"

பன்னிரண்டு ஜோடிக் கண்களும் என் மேல். நினைத்தேன் என்றால் சிவப்பு சிவப்புதான், எல்லாம் முடிந்தது. நினைக்கவில்லை என்றால் பொய், அதுவும் சற்றுமுன் நான் கெஞ்சியவளின் எதிரிலேயே. அம்மனை ஒரு முறை பார்த்துக்கொண்டேன்.

"நான் எதுக்கு நெனைக்கணும்? எனக்குத்தான் நம்பிக்கையே இல்லியே!"

"அப்ப அந்த செவப்பு யாருக்கு வந்திதுங்கய்யா?" என்றாள் சௌமியா.

பூசாரி என்னை மேலும் கீழும் பார்த்தார். "எடுத்தவங்களுக்குத்தான்."

கோதண்டம் மாமா தாடையைத் தடவிக்கொண்டு நின்றார். அவ்வளவு நேரம் ஒருவர் தாடையைத் தடவி நான் பார்த்ததில்லை. கடைசியில், "நம்பறவங்களே எடுக்கட்டும்" என்றார். பூசாரி புதிதாக இரண்டு பொட்டலம் கட்டி வைத்தார். தினேஷின் அம்மா முன்னால் வந்து, இரண்டு பேர் பெயரையும் ஊருக்கே கேட்கும்படி சொல்லிவிட்டு எடுத்தார். வெள்ளை. பாதிக்குப் பாதி என்று ஞாபகப்படுத்த நாக்குத் துடித்தது. கடித்துக்கொண்டேன்.

அவர்கள் கல்யாணம் ஜாம்ஜாமென்று நடந்தது. அம்மா மட்டும் அதன்பின் எனக்கு வரன் பார்ப்பதை அடியோடு நிறுத்திவிட்டாள். சிவப்பு வந்துவிட்டதே! எனக்குக் கல்யாணம் வேண்டாம் என்று எட்டு வருடம் தொண்டை கிழியப் பகுத்தறிவு பேசியும் ஓயாத ஜாதகப் பரிமாற்றம், ஒரு கைப்பிடி அரளியில் ஓய்ந்தது. தரகர்கூடப் போன் செய்வதில்லை. வீட்டில் அவ்வளவு நிம்மதியாக நான் இருந்ததே கிடையாது.

போன மாதம் சௌமியாவின் வளைகாப்பு. வளவனூர்ச் சித்தி நடுக்கூடத்தில் என் கல்யாணப் பேச்சைக் கிளப்பினாள். "மூணு வருசம் ஆச்சே, அந்த செவப்பு இன்னமா செல்லும்? ஜல்தியா மறுபடியும் ஒரு பூ கேட்டுடலாம்."

நான் எழுந்தேவிட்டேன்.

"அதெப்பிடிங்க சித்தி? அம்மன் ஒரு தடவ சொன்னா சொன்னதுதான். நமக்குப் புடிக்கலன்னு திரும்பத் திரும்பப் போய்க் கேப்பீங்களா? அது தெய்வக் குத்தம் இல்லியா?"

கூடம் ஒரு நொடி திகைத்து, பிறகு வெடித்தது. சௌமியா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கோதண்டம் மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டே, "நம்ம அம்மனுக்கு வக்கீல் கெடச்சிட்டாங்கப்பா" என்றார்.

அன்றிலிருந்து இரண்டு வீட்டிலும் எனக்கு வக்கீலம்மா என்றுதான் பெயர். நம்பிக்கை இல்லாத நீ எப்படி வாதாடலாம் என்று விடாமல் கேட்கிறார்கள். கட்சிக்காரரை நம்பித்தான் வழக்கை எடுக்க வேண்டும் என்று எந்தச் சட்டத்தில் இருக்கிறது?