தாய்வசையின்மைச் சான்று

மினி பஸ் ஒன்று ஓட வேண்டுமானால் நாலு சாமான் வேண்டும்: டீசல், பிரேக், ஹாரன், எதிரே வருகிறவனுடைய ஆத்தா. கறம்பக்குடி ரோட்டில் பிரேக் இல்லாமல் ஓட்டினவர்கள் இருக்கிறார்கள். நாலாவது இல்லாமல் ஓட்டினவரை யாரும் பார்த்ததில்லை. எதிரே வருகிறவனை முன்னே பின்னே தெரிந்திருக்க வேண்டும் என்பதுகூடக் கிடையாது. குறுக்கே வந்தால் போதும். அவன் ஆத்தா எங்கோ ஒரு வீட்டில் உளுந்து ஊறப்போட்டுக்கொண்டிருப்பாள். இங்கே அவள் மானம் தார்ரோட்டில் உருளும்.

இதைக் கண்டு அரசாங்கத்துக்கு மனசு தாங்கவில்லை. சொல்லொழுக்கத் துறை என்று ஒரு துறை பிறந்தது. பிறந்த கையோடு சுற்றறிக்கை போட்டது. பொதுமக்களை ஏற்றிச் செல்லும் ஓட்டுநர் எவரும் தாய்வசையின்மைச் சான்று பெறாமல் பெர்மிட்டைப் புதுப்பிக்க இயலாது. தாய்க்குலத்தின் மாண்பைக் குலைக்கும் 'மேற்படி சொல்' எவர் வாயிலும் வரலாகாது.

மேலே எந்தச் சொல்லும் இல்லை. அச்சடித்தால் துறையே குற்றவாளி ஆகிவிடுமே என்று விட்டுவிட்டார்கள். ஆனாலும் எல்லாருக்கும் புரிந்துவிட்டது. ஒரே வாரத்தில் பஸ் ஸ்டாண்டுப் பக்கம், "டேய் மேற்படி மவனே, வண்டிய எடுடா" என்று குரல் கேட்க ஆரம்பித்தது. "மேற்படி நிலத்தை மேற்படியாரின் தாயாராகிய மேற்படியாரிடமிருந்து" என்று உரக்க வாசித்த ஒரு பத்திர எழுத்தருக்குப் பல் போயிற்று. துறை விழித்துக்கொண்டது. 'மேற்படி' தடை செய்யப்பட்டு, 'கீழ்க்காணும் சொல்' என்று திருத்தம் வந்தது. கீழேயும் ஒன்றும் இல்லை.

நம்ம இருளாண்டி அறந்தாங்கிக்கும் கறம்பக்குடிக்கும் மினி பஸ் ஓட்டுகிறவன். சான்றுக்காக ஒரு வாரம் வாயைக் கட்டி ஓட்டிப் பார்த்தான். மூன்றாம் நாள் ஒரு லாரி குறுக்கே வந்து நின்றது. இருளாண்டி பல்லைக் கடித்துக்கொண்டு, தலையை வெளியே நீட்டி, "அண்ணே, அம்மா நல்லா இருக்காங்களா?" என்று கேட்டான்.

லாரிக்காரன் ஸ்பேனரோடு இறங்கினான். "எங்காத்தாளப் பத்தி ஒனக்கென்னடா கேள்வி?"

வழக்கப்படி திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டிவிட்டு அவன்பாட்டுக்குப் போயிருப்பான்.

இப்படியாக பெர்மிட் முடிகிற நாளும் வந்துவிட்டது. சாயங்காலம் ஐந்து மணிக்குள் சான்று கைக்கு வராவிட்டால் ரூட் வேறொருவனுக்குப் போய்விடும். இருளாண்டி தன் ஆத்தா ராசாத்தியைக் கூட்டிக்கொண்டு சொல்லொழுக்க அலுவலகத்துக்குப் போனான். தாய் நேரில் வர வேண்டும் என்பது விதி. அலுவலகம் மூன்றாவது மாடியில் இருந்தது. லிஃப்ட் அதிகாரிகளுக்கு. தாய்மார்களுக்குப் படிக்கட்டு. நாற்காலிகள் எல்லாம் தாய்மை மாண்பு விழாவுக்குப் போயிருந்ததால் தாய்மார்கள் சுவரோரமாக நின்றார்கள்.

எழுத்தர் பிளெஸ்ஸி விண்ணப்பத்தைப் புரட்டினார். "போட்டோ எங்க?"

"எந்தப் போட்டோங்க?"

"கீழ வாசல்கிட்ட இதயம் மாதிரி ஒரு வளைவு இருக்கும், 'ஐ லவ் அம்மா'ன்னு. அதுக்குள்ள அம்மாவோட நின்னு செல்ஃபி எடுத்து அப்லோட் பண்ணணும்."

மூன்று மாடி இறங்கினார்கள். எடுத்தார்கள். மூன்று மாடி ஏறினார்கள். அலுவலர் ஆத்மநாதன் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"அம்மா சிரிக்கலையே. தாய் மகிழ்ச்சியா இருக்காங்களான்னு துறைக்கு எப்படித் தெரியும்? போய் சிரிச்சு எடுத்துட்டு வாங்க."

ராசாத்திக்கு முட்டி விண்விண் என்று தெறித்தது. இருளாண்டி கடிகாரத்தைப் பார்த்தான். நாலரை. "ஆத்தா, வா ஆத்தா. கொஞ்சம் சிரிச்சாத்தான் என்ன?"

"சிரிக்கணுமாடா ஒனக்கு? ஏண்டா..." என்று ஆரம்பித்த ராசாத்தி, மகனைப் பார்த்து கீழ்க்காணும் சொல்லைக் கணீரென்று சொல்லிவிட்டாள்.

ஆத்மநாதனுக்கு முகம் மலர்ந்தது. துறை பிறந்த நாளிலிருந்து கண்ணெதிரே நடந்த முதல் குற்றம்.

"பிளெஸ்ஸி, கேஸ் போடுங்க. குற்றவாளி, ராசாத்தி."

"பாதிக்கப்பட்டவர் சார்?"

"சொல் யாரைக் குறிக்குது? இருளாண்டியோட தாயாரை. தாயார் பேரு?"

"ராசாத்தி சார். ஆதார் நம்பரும் அதேதான். கம்ப்யூட்டர் எடுக்க மாட்டேங்குது."

ஆத்மநாதன் ராசாத்தி பக்கம் திரும்பினார். "ஏம்மா, உங்களத் திட்டினதா உங்க மேல புகார் குடுக்கிறீங்களா?"

"நான் எதுக்குங்க என்னையத் திட்டுறேன்? அவனத்தான திட்டுனேன்."

"அந்தச் சொல்லுல அவரு எங்கம்மா இருக்காரு? முழுக்க நீங்கதான் இருக்கீங்க."

ராசாத்தி வாய்க்குள் அந்தச் சொல்லை ஒருமுறை உருட்டிப் பார்த்தாள். "அடப்பாவி மக்கா! அப்ப இம்புட்டு வருசமா என்னைய நானேவா திட்டிக்கிட்டு இருந்தேன்?"

"விதிப்படி அப்படித்தான்."

"சரி, அவனத் திட்டணும்னா என்ன சொல்லணும்?"

"தந்தையைச் சொல்லலாம். தடை இல்லை" என்றார் பிளெஸ்ஸி, சுற்றறிக்கையைப் பார்த்து.

ராசாத்தி மூச்சை இழுத்துக்கொண்டாள். "டேய், ஒங்கப்பன் மவனே!"

பாராட்டுவதுபோல இருந்தது. வரிசையில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள்.

"ஒங்கப்பன் குடிகாரன்டா!"

"அது தகவல்" என்றார் ஆத்மநாதன்.

"ஒங்கப்பன் ரெண்டு வீட்டுல சோறு தின்னவன்டா!"

"யக்கா, அது பெருமையாச்சே" என்றான் பின்னாலிருந்து ஷேர் ஆட்டோ ஆண்டியப்பன். இருளாண்டிக்கே கை தன்னையறியாமல் மீசைக்குப் போயிற்று.

அலுவலகமே சேர்ந்து தேடியது. கிடைக்கவில்லை. அப்பனைச் சொல்லி மகனை அழவைக்க ஒரு சொல்கூட இல்லை. 'தந்தைவழி வசை ஒன்று உருவாக்கித் தருமாறு' தலைமையகத்துக்குக் கடிதம் எழுதச் சொன்னார் ஆத்மநாதன்.

"சார், மணி அஞ்சாகப் போகுது" என்று கும்பிட்டான் இருளாண்டி.

"கேஸ முடிக்காம சான்று எப்படிய்யா தர்றது?" என்று அவர் பொத்தானை அமுக்கினார். திரை உறைந்து நின்றது. மறுபடி அமுக்கினார். நின்றது நின்றதுதான். ஆத்மநாதன் கம்ப்யூட்டர் தலையில் ஓர் அறை விட்டு, கீழ்க்காணும் சொல்லை அதன் மேல் முழுசாக எறிந்தார்.

பிளெஸ்ஸி மெதுவாகக் கேட்டார். "சார், இதுக்கும் கேஸ் போடவா?"

"எப்படிப் போடுவீங்க? கம்ப்யூட்டருக்குத் தாய் இல்லையே. தாய் இல்லாத எடத்துல தாய்வசை..." ஆத்மநாதன் அப்படியே நின்றார். கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது. "இருளாண்டி! 'தாயார் பெயர்'ங்கிற எடத்துல 'இல்லை'ன்னு எழுதுங்க. தாயே இல்லைன்னா சொல் யாரையும் குறிக்காது. குற்றமும் இல்லை, கேஸும் இல்லை. சான்று இப்பவே."

"சார், ஆத்தா பக்கத்துலயே நிக்கிது சார்."

"நிக்கட்டும். நிக்கிறதுக்குத் தடை இல்லை."

இருளாண்டி ஆத்தாளைப் பார்த்தான். ராசாத்தி கடிகாரத்தைப் பார்த்தாள்.

"எழுதுடா. ரூட்டு போச்சுன்னா சோத்துக்கு என்ன பண்ணுவ?"

எழுதினான். ஃபேன் காற்றில் விண்ணப்பம் பறந்துவிடாமல் அவள்தான் அமுக்கிப் பிடித்துக்கொண்டாள். செல்ஃபியில் ராசாத்தி நின்ற பாதியை பிளெஸ்ஸி வெட்டி எடுத்தார். இருளாண்டியும் அரை இதயமும் மிஞ்சினார்கள்.

விஷயம் வரிசையில் பரவியது. முதல் ஆளாக ஆண்டியப்பன் எழுதினான், 'இல்லை'. மாசக் கடைசிக்குள் மாவட்டத்து ஓட்டுநர்களில் தாய் உள்ளவர் என்று ஒருவரும் பதிவில் இல்லை. தாய்வசை அறவே ஒழிந்த மாவட்டம் என்று தலைமையகம் விருது அறிவித்தது. விழாவுக்கு நாள் குறித்தார்கள். பந்தல் நிறைய வேண்டும் என்பதால், சான்று பெற்ற ஒவ்வொருவரும் ஆளுக்கு ஒரு வண்டி நிறையத் தாய்மார்களைக் கொண்டுவந்து சேர்க்குமாறு சுற்றறிக்கை வந்தது.

விழா அன்று இருளாண்டி கண்ணாடியில் சான்றை ஒட்டிக்கொண்டு வண்டியை எடுத்தான். உள்ளே பூராவும் தாய்மார்கள். முன்சீட்டில் ராசாத்தி. திருவரங்குளத்தைத் தாண்டியதும் ஒரு பைக்குக்காரன் சந்திலிருந்து சர்ரென்று குறுக்கே பாய்ந்தான். இருளாண்டி பிரேக்கை மிதித்தான். தலையை வெளியே நீட்டினான். பழைய சொல் பழைய சத்தத்தோடு வந்தது.

பைக்குக்காரன் திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விட்டான்.

முன்சீட்டிலிருந்து ராசாத்தி கேட்டாள். "என்னடா, கூப்ட்டியா?"

"ஒன்னைய இல்ல ஆத்தா. அவனத் திட்டுனேன்."

பின்னாலிருந்து இன்னொரு கிழவி எட்டிப் பார்த்தாள். "அப்ப என்னையவா தம்பி கூப்ட்ட?"

"என்னையன்னுல்ல நெனச்சேன்" என்றாள் அதற்கும் பின்னால் ஒருத்தி. அப்படியே சீட்டு சீட்டாகக் கேள்வி பின்னால் போய், கடைசி சீட்டில் முட்டி, திரும்பி வந்தது.

இருளாண்டி ஹாரனை அடித்தான்.