ஒன்றே முக்கால் மணிக் கொடி

மேசைக்கு அடியில் கிடந்த கொடியைச் சரிபார்ப்பாளர் காலால் இன்னும் சற்று உள்ளே தள்ளினார். கண்ணில் படாவிட்டால் இல்லையென்று ஆகிவிடுமா என்ன? மஞ்சள் துணியில், கொட்டை எழுத்தில், 'ஒன்றே முக்கால் மணி' என்றிருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை அதை முதுகில் கட்டிக்கொண்டு அவர் இருபத்தொரு கிலோமீட்டர் ஓடவேண்டும். அந்த நேரத்துக்குள் அரை மராத்தானை முடிக்க விரும்புகிறவர்கள் அவரைப் பின்பற்றி ஓடிவருவார்கள்.

அவரோ பேருந்தைப் பிடிக்கக்கூட ஓடியறியாதவர். அடுத்தது வரட்டும் என்று நிற்கிற ரகம்.

எல்லாம் ஒரு மதிய உணவு வேளையில் நேர்ந்தது. காப்பீட்டு நிறுவனத்தின் ஆண்டு விழாவுக்கு ஊரையே அழைத்து ஓட்டம் நடத்தப்போவதாக அறிவித்த மேலாளர், "நம்மள்ல யார் யார் எவ்வளவு நேரத்துல ஓடுவீங்க?" என்று கேட்டார்.

"ஒன்றரை மணி நேரம்" என்றார் காசாளர், கண்ணிமைக்காமல்.

சரிபார்ப்பாளர் கைப்பேசியை மெல்லத் திறந்து பார்த்தார். முதன்முறை ஓடுவோர்க்கு இரண்டரை முதல் மூன்று மணி. ஓரளவு பழகியவர்களுக்கு இரண்டு மணியை ஒட்டி. நன்கு பயின்றவர்களுக்கு ஒன்றே முக்கால், ஒன்றரை. உலக வீரர்களுக்கு ஏறக்குறைய ஒரு மணி. காசாளரை மிஞ்சுவது மரியாதையாகாது. அதற்காக ஒரேயடியாகத் தாழ்ந்துபோகவும் மனம் வரவில்லை.

"ஒன்னே முக்கால்" என்றார் அடக்கமாக.

மேலாளர் தமக்கு இரண்டு மணி என்றார். வரவேற்பாளர் அம்மாள் இரண்டரை என்றார். நாள்தோறும் ஊரார் தரும் இழப்பீட்டு மனுக்களில் புளுகைத் துருவித் தேடுகிற அலுவலகம் அது.

"நம்ம ஆளுங்க சொன்னா அப்படியே நம்பலாம்ப்பா. வெளியாளுங்க சொன்னாத்தானே சரிபார்க்கணும்?" என்ற மேலாளர், அன்றே நான்கு கொடிகள் தைக்கச் சொல்லிவிட்டார்.

சரிபார்ப்பாளர் தப்பிக்க வழி தேடினார்.

"சார், ரெண்டு நாளா முட்டி வலிங்க..."

"முட்டி வலியோட ஒன்னே முக்காலா! கேட்டீங்களா எல்லாரும்?"

அறையே கைதட்டியது.

பிறகு வரவேற்பாளரிடம் போனார். "மெதுவா வர்றவங்களுக்குத்தாம்மா துணை வேணும். உங்க கொடியை நான் எடுத்துக்கறேனே?"

"அப்போ உங்க கொடியை நான் கட்டிக்கணுமா? ஆளை விடுங்க சார்!"

இந்தப் பெருந்தன்மை மேலாளர் காதுக்கு எட்டியது. கொடியோடு சரிபார்ப்பாளரைப் படமெடுத்து எல்லாருடைய குடும்பத்துக்கும் அனுப்பிவைத்தார்.

"இத்தனை வருஷத்துல ஒரு வார்த்தை சொன்னீங்களா? எங்கண்ணன் வாயைப் பிளந்துட்டான்!" என்றாள் மனைவி. "எப்பங்க பழகினீங்க?"

"ஆபீஸ் மாடிப்படியில" என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவைத்தார்.

அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். திருமணமாகிப் பதினெட்டு ஆண்டுகளில் அவர் காணாத பார்வை. அதன் பிறகு அவருக்கு ஓட்டத்தைப் பற்றிய பயம் போய்விட்டது. அந்தப் பார்வை போய்விடுமே என்ற பயம் வந்துவிட்டது.

சனிக்கிழமை காசாளரைத் தனியே பிடித்தார். "உங்ககிட்ட மட்டும் சொல்றேன். எனக்கு ஓடவே வராதுங்க."

காசாளரின் முகம் வெளிறியது. "இதை ஏன் என்கிட்ட வந்து சொல்றீங்க? யாராவது ஏதாவது சொன்னாங்களா?"

"இல்லையே..."

"அப்போ பேசாம ஓடுங்க சார்!"

அவர் விருட்டென்று எழுந்து போய்விட்டார். உண்மையான வீரனுக்குப் பொய்யனைக் கண்டால் இப்படித்தான் அருவருப்பு எழும்போலும் என்று சரிபார்ப்பாளர் குன்றிப்போனார்.

ஞாயிறு காலை ஆறு மணிக்கு ஓட்டம் தொடங்கியது. மற்ற கொடிகள் கூட்டத்தில் கலந்து மறைந்தன. இவர் பின்னால் முப்பது பேர் நம்பிக்கையோடு வந்தார்கள். முதல் திருப்பத்திலேயே ஓர் இளைஞன் பணிவாக, "சார், இது வார்ம்-அப்பா?" என்றான்.

"ஆமாம்ப்பா."

"எப்ப ஓட ஆரம்பிப்பீங்க?"

"மன்னிச்சுக்குங்க சார்" என்று சொல்லி ஒவ்வொருவராக அவரைக் கடந்து போனார்கள். அவர் கொடியை அவிழ்த்துச் சுருட்டிக் கக்கத்தில் செருகிக்கொண்டார். பாதி தூரத்தை நடந்தே கடந்தார். வழியில் ஒரு பேருந்து நிறுத்தத்தில் யாரோ முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு சாய்ந்திருந்தார். பாவம் என்று இரங்கி, உற்றுப் பார்ப்பது நாகரிகமல்ல என்று தாண்டிப் போனார்.

எல்லைக்கோட்டை அடைந்தபோது மணி ஒன்பதை நெருங்கியிருந்தது. கூட்டம் கலைந்திருந்தது. மனைவி மட்டும் தண்ணீர்ப் புட்டியோடு நின்றாள். பின்னால் அத்தனை நாற்காலிகள் காலியாகக் கிடந்தும் அவள் உட்காரவில்லை.

வழியில் ஒருவர் விழுந்துவிட்டார், தூக்கிவிட நேர்ந்தது என்று ஒரு பொய் நாக்கின் நுனிவரை வந்தது. அவள் நின்ற கோலத்தைக் கண்டு அதை விழுங்கிவிட்டார்.

"எனக்கு ஓட வராதும்மா. ஒன்னே முக்கால்னு சொன்னது பொய். இத்தனை பேர் இருக்கிற ஆபீஸ்ல நான் ஒருத்தன்தான் புளுகன்."

புட்டியின் மூடியைத் திருகித் திறந்து நீட்டினாள். அவள் கண்களைப் பார்க்க அவருக்குத் துணிவில்லை.

கொடிகளைத் திரும்ப வாங்க நின்றிருந்த பணியாள் அப்போதுதான் பரபரப்பாக அருகே வந்தான்.

"அப்பாடா, ஒரு கொடியாவது வந்துச்சு! மத்த மூணு பேரையும் வழியில எங்கயாவது பார்த்தீங்களா சார்?"