தமிழ் இலக்கியத்துக்கு ஆறு மீட்டர்

மாணவர்கள் தங்கள் பாடங்களைத் தாங்களே சுதந்திரமாகத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று எண்பத்து நாலாம் ஆண்டில் மேலிடம் முடிவு செய்தது. எப்படிச் சுதந்திரமாகத் தேர்ந்தெடுப்பது என்பதை விளக்கும் சுற்றறிக்கை அதே வாரம் வெளிவந்தது. அதைத் தூக்க இரண்டு பேர் தேவைப்பட்டதாகச் சொல்வது மிகை. ஒருவர் போதும், கொஞ்சம் பலசாலியாக இருந்தால்.

சிராங்கூன் சாலையை ஒட்டிய ஒரு புகுமுக வகுப்புப் பள்ளியில் அனைத்துலக உயர்தரப் புகுமுகத் திட்டம் என்று ஒன்று தொடங்கியிருந்தார்கள். அதில் சேரும் பிள்ளை ஆறு துறைகளிலும் துறைக்கு ஒரு பாடம் எடுக்க வேண்டும். முதல்மொழி இலக்கியம், இன்னொரு மொழி, சமூகம், அறிவியல், கணிதம், கலை. இவற்றுக்கு மேல் 'அறிவது என்றால் என்ன?' என்று ஒரு பாடம். அது என்ன பாடம் என்று கேட்ட பெற்றோருக்கு, அதைத்தான் அந்தப் பாடத்தில் கேட்பார்கள் என்று பதில் வந்தது. அதற்கும் மேலே தொண்டு. தொண்டை ஒவ்வொருவரும் மனமுவந்து செய்ய வேண்டும். மனமுவக்காதவர்களுக்குச் சான்றிதழ் கிடையாது. இரண்டு ஆண்டு முடிவில் பிள்ளை முழு மனிதராக வெளியே வருவார் என்று சுற்றறிக்கை உறுதி கூறியது.

செம்பவாங் கப்பல் பட்டறையில் ஸ்டோர்கீப்பராக இருந்த அருளானந்தத்தின் மகள் ரூபிக்கு முழு மனிதராகும் ஆசை இல்லை. தமிழாசிரியை ஆகும் ஆசை இருந்தது. அதற்குப் பல்கலைக்கழகத்தில் தமிழ் படிக்க வேண்டும். அங்கே நுழையப் புகுமுக வகுப்பில் தமிழ் இலக்கியம் தேறியிருக்க வேண்டும். அவளுக்கு எட்டிய தூரத்தில் தமிழ் இலக்கியம் இருந்த ஒரே இடம் இந்தத் திட்டம். இருந்தது என்றால், பட்டியலில் இருந்தது. பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி. அடியில் பொடி எழுத்தில்: 'தேவை மெய்ப்பிக்கப்பட்டால்.'

ரூபியும் அப்பாவும் பாடத் தெரிவு ஒருங்கிணைப்பு அதிகாரி திரு. சிவசுப்பிரமணியத்தைப் பார்க்கப் போனார்கள். யாழ்ப்பாண வம்சாவளி. விதிகளை மீறாதவர், விதிகள் தம்மை மீறிப் போனபோதும் கோபப்படாதவர்.

"சார், தேவை இருக்கு. எனக்கு வேணும்" என்றாள் ரூபி.

"அது ஆசை, பிள்ளை. தேவை வேறை."

"தேவையை எப்படி சார் காட்டறது?"

"போன வருசம் படிவம் குடுத்தம். எல்லாரும் எல்லாப் பாடத்துக்கும் டிக் போட்டுத் தந்திட்டினம். பிறகு வெளிநாட்டு நிபுணர் ஒருவர் வந்து, தேவையைக் கண்ணால பார்க்க வேணும் எண்டு சொல்லிப்போட்டார். இந்த முறை ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு மேசை. ஒருத்தர் ஒரு மேசைக்கு முன்னாலதான் நிக்கலாம், மிச்சப் பாடங்களை நாங்களே போட்டு விடுவம். எந்த மேசைக்கு முன்னால ஆறு மீட்டர் வரிசை நிக்குதோ, அந்தப் பாடம் நடக்கும்."

அருளானந்தம் தயங்கினார். "ஆளை எண்ணிட்டாச் சுலபமாச்சே, சார்?"

"ஆளை எண்ணினால், தகப்பன் ஒரு ஆளோ, பிள்ளை ஒரு ஆளோ, இடுப்பில கிடக்கிற குழந்தை அரை ஆளோ எண்டு தகராறு வரும். நீளத்தில தகராறு இல்லை. நாடு மீட்டருக்கு மாறினது வேறை எதுக்கு?"

இருவரும் பஸ் ஏறி மார்சிலிங்கில் இருந்த அருளானந்தத்தின் அக்கா அல்போன்சம்மாள் வீட்டுக்குப் போனார்கள்.

அல்போன்சம்மாள் தங்கள் பங்குக் கோயிலின் மாதா சபைத் தலைவி. திருநாள் ஊர்வலத்தை ஆண்டுதோறும் நடத்துபவர். சிறிய சபையைப் பெரிய ஊர்வலமாகக் காட்டுவதில் அவருக்கு இணை கிடையாது.

"ஆறு மீட்டர்னா எவ்வளவு, தம்பி?"

"இருபது அடிக்குக் கொஞ்சம் கம்மிக்கா."

"ப்பூ! நாப்பது பேரை வச்சு ஒரு ரோட்டையே அடைச்சவ நான். ரெண்டு பேருக்கு நடுவுல ஒரு ஆள் இடம் விடணும். குண்டா இருக்கறவங்களை முன்னாடி விடக்கூடாது, பரவலாப் போடணும். நாலு பேர் குடை பிடிக்கணும். அவ்வளவுதான்."

"அத்தை, உங்க சபையில யாருக்கும் புகுமுகத்துல பிள்ளைங்க இல்லையே?" என்றாள் ரூபி.

"இருக்கறவங்க எல்லாம் பொருளாதார மேசைக்குப் போயிருவாங்கடி. நம்ம ஜெரோமையே அங்கதான் அனுப்புறேன்."

"ஜெரோமும் தமிழ் எடுக்கலாமே?"

அல்போன்சம்மாள் மருமகளைப் பரிவோடு பார்த்தார். "அவனுக்கு எதிர்காலம் இருக்கு லா. இங்க பாரு ரூபி, தமிழுக்காக நிக்கச் சொல்லு, நாள் பூரா நிக்கிறோம். படிக்கச் சொல்லாதே."

தெரிவு நாள் வந்தது. மண்டபத்தில் பொருளாதார வரிசை மூன்று சுவர்களைத் தொட்டுக்கொண்டு நின்றது. தமிழ் இலக்கிய மேசை மாடிப்படிக்குக் கீழே இருந்தது. அதன் பின்னால் இருந்த எழுத்தர், தமக்கு வேலை வரும் என்று எதிர்பார்க்காமல் பலாப்பழம் தின்றுகொண்டிருந்தார்.

காலைப் பூசை முடிந்ததும் சபை வந்து இறங்கியது. ரூபி முதலில் நின்றாள். அவளுக்குப் பின்னால் குடைகள், கூடைகள், முழங்கால் வலிக்காரர்கள். அல்போன்சம்மாள் பக்கவாட்டில் நடந்து இடைவெளிகளைச் சரிசெய்தார். சிவசுப்பிரமணியம் அளவு நாடாவுடன் வந்தார்.

"இதென்ன, நடுவில கூடை நிக்குது?"

"கூடைக்காரம்மா டீ குடிக்கப் போயிருக்காங்க, சார். இடம் பிடிச்சு வச்சிருக்கு."

"கூடை வரிசையில சேருமோ?"

சுற்றறிக்கை கொண்டுவரப்பட்டது. அவர் நின்றபடியே உரிய பத்தியைப் படித்தார். "வரிசை எண்டால் ஒன்றன்பின் ஒன்றாக அமைந்த தொடர் எண்டு போட்டிருக்கு. ஆள் எண்டு போடயில்லை." கூடை சேர்த்துக்கொள்ளப்பட்டது.

அளந்தார். அரையடி குறைந்தது. ரூபியின் முகம் வாடிவிட்டது. அல்போன்சம்மாள் மெல்ல இருமினார். ஊர்வலத்தில் அந்த இருமலுக்கு ஒரு பொருள் உண்டு. கடைசியில் நின்ற அம்மாள் கூரையைப் பார்த்தபடி ஓர் எட்டு பின்னால் வைத்தார். சிவசுப்பிரமணியம் மறுபடி அளந்து, "தேவை மெய்ப்பிக்கப்பட்டது" என்று அறிவித்தார். ரூபி அத்தையைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

அத்துடன் எல்லாரும் வீட்டுக்குப் போயிருக்கலாம். ஆனால் வருகிறவர்களுக்கு இட்லிப் பொட்டலம் உண்டு என்று அல்போன்சம்மாள் வாக்குக் கொடுத்திருந்தார், பொட்டலம் இன்னும் வரவில்லை. ஆகவே வரிசை கலையாமல் நின்றது.

பொருளாதார வரிசையின் வாலில் மகனோடு நின்ற திருமதி லிம் அதைக் கவனித்தார். அருளானந்தத்திடம் வந்து ஆங்கிலத்தில் விசாரித்தார்.

"அங்கிள், இது என்ன வரிசை?"

"தமிழ் இலக்கியம்."

"நல்லதா?"

"ரொம்ப நல்லது."

"இதைப் படித்தால் டாக்டராகலாமா?"

அருளானந்தம் பொய் சொல்லாதவர். யோசித்துப் பார்த்து, "ஆகக்கூடாதுன்னு யாரும் சொல்லலை" என்றார்.

திருமதி லிம் மகனை இழுத்துக்கொண்டு தமிழ் வரிசையின் கடைசியில் போய் நின்றார். "எனக்குத் தமிழ் தெரியாதே, மம்மி" என்றான் பையன். "தெரிந்தால் எதற்குப் படிக்க வேண்டும்?" என்றார் தாயார்.

வரிசையின் வால் ஒரு முறை அறுந்தால் மேலும் மேலும் அறும். தெம்பனிஸில் அரசாங்க வீட்டுக்குப் பதிந்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்த ஒரு தகப்பனார், "காரணம் இல்லாம இவ்வளவு பேர் நிக்க மாட்டாங்க லா" என்று குடும்பத்தோடு இடம் மாறினார். அவர் மாறியதைப் பார்த்துப் பத்துப் பேர் மாறினார்கள். வரிசை மண்டபத்தைத் தாண்டியது, வாசலைத் தாண்டியது, சிராங்கூன் சாலையில் பூக்கடை வழியாக வளைந்து போயிற்று. வழிப்போக்கர் ஒருவர் தொலைக்காட்சி நிகழ்ச்சிக்கு டிக்கெட் கொடுக்கிறார்கள் என்று எண்ணி நின்றார். உண்மை தெரிந்த பிறகும் அவர் விலகவில்லை. "இவ்வளவு நேரம் நின்னாச்சு" என்றார். பொருளாதார மேசையின் எழுத்தரே மேசையைப் பூட்டிவிட்டுத் தம் மகளுக்காக வந்து நின்றார்.

அல்போன்சம்மாள் மண்டபத்துக்குள் ஓடினார். ஆளில்லாத பொருளாதார மேசைக்கு முன்னால் ஜெரோம் தனியாக நின்றுகொண்டிருந்தான்.

"டேய், இங்க என்னடா பண்றே? உலகமே அங்க நிக்குது!"

"நீங்கதானம்மா இங்க நிக்கச் சொன்னீங்க."

"அது காலையில லா!"

மாலைக்குள் தமிழ் இலக்கியம் 'மிகுதேவைப் பாடம்' என்று வகைப்படுத்தப்பட்டது. மிகுதேவைப் பாடத்துக்கு முந்தி வந்தவருக்கு முதலிடம் என்ற காட்டு நியாயம் பொருந்தாது. அந்தப் பாடம் வேறெங்கும் கிடைக்காதவர்களுக்கே முன்னுரிமை. இதைத் தீர்மானிக்க நேர்முகத் தேர்வு நடந்தது. கேள்வி ஒன்றே ஒன்று: வீட்டில் தமிழ் பேசுகிறீர்களா?

ரூபி நிமிர்ந்து உட்கார்ந்து, "பேசுறோம் சார், எந்நேரமும்" என்றாள். லிம் பையன் இல்லை என்றான். ஜெரோமும் இல்லை என்றான்; அதுவும் உண்மைதான். இருவருக்கும் இடம் கிடைத்தது.

மறுநாள் ரூபி அதிகாரியின் அறை வாசலில் நின்றாள்.

"சார், நான்தானே முதல்ல நின்னேன்?"

"ஓம். நீர் நிண்டபடியால்தான் இந்தப் பாடமே நடக்குது. பள்ளி உமக்குக் கடமைப்பட்டிருக்கு."

"அப்ப என் இடம்?"

"கிணறு இருக்கிற வீட்டுக்குக் குழாய்த் தண்ணி குடுக்கலாமோ, பிள்ளை? ஆங்கில இலக்கியத்தில எவ்வளவும் இடம் இருக்கு. வரிசை முழுக்க இங்கால வந்திட்டுது."

"ரெண்டாம் மொழியாவாவது தமிழ் கொடுங்க, சார்."

"அது தெரியாத மொழியாய் இருக்க வேணும். பிரெஞ்சு போட்டு விடுறன்."

செய்தி ஊரெங்கும் பரவியது. தமிழுக்காகச் சிராங்கூன் சாலை வரை மக்கள் திரண்டார்கள் என்று பாராட்டுக் கூட்டம் நடந்தது. அல்போன்சம்மாளுக்கு மாலை போட்டார்கள். இனித் தமிழுக்கு அழிவில்லை என்று பேசியவர்கள் எல்லாரும் சீக்கிரம் கிளம்பிவிட்டார்கள். பிள்ளைகளை ஆங்கில டியூஷனிலிருந்து அழைத்து வர வேண்டியிருந்தது.

வகுப்பு தொடங்கியது. ஆசிரியர் தியாகராசா ஒரு பழம்பாடலைக் கரும்பலகையில் எழுதிவிட்டுத் திரும்பினார். இருபது பிள்ளைகள் அதைப் படம் பார்ப்பதுபோல் பார்த்தார்கள். ஒருவருக்கும் எழுத்துத் தெரியவில்லை. அவர் தலைவியின் பிரிவுத் துயரை ஆங்கிலத்தில் விளக்கினார். எல்லாரும் குறித்துக்கொண்டார்கள். பார்வையிட வந்தவர்கள், தமிழ் வகுப்பில் இவ்வளவு தெளிவான ஆங்கிலத்தைக் கேட்டதில்லை என்று எழுதி வைத்துவிட்டுப் போனார்கள்.

எழுத்து சொல்லித்தர ஆள் வேண்டும் என்று தியாகராசா விண்ணப்பித்தார். சிவசுப்பிரமணியம் ரூபியைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"உம்முடைய கட்டாயத் தொண்டுக்கு இடம் பார்த்து வச்சிருக்கிறன். தமிழ் இலக்கிய வகுப்புக்கு நீர் அ, ஆ சொல்லிக் குடுக்க வேணும்."

"சார், எனக்குச் சொல்லிக்கொடுக்கத் தகுதி இருக்கு. படிக்கத் தகுதி இல்லையா?"

"சரியாய் விளங்கிக்கொண்டீர்" என்றார் அவர், மனம் நிறைந்து.

ரூபி மனமுவந்தாள். வாரத்தில் இரண்டு நாள் வகுப்பறை வாசலருகே கரும்பலகை வைத்துச் சொல்லிக்கொடுத்தாள். லிம் பையன் வேகமாகப் பிடித்துக்கொண்டான். ஜெரோம்தான் சிரமப்படுத்தினான்.

"ரூபி, இந்தச் சுழிச்ச லெட்டர்ஸ் என்ன? எங்கயோ பார்த்திருக்கேன்."

"அது உன் பேர்டா."

மூன்று மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு அருளானந்தம் மேல்முறையீடு செய்தார். மேலிடம் இரக்கமுள்ளது. மனுவைக் கனிவோடு பரிசீலித்து, மேற்படி மாணவி வீட்டில் தமிழ் புழங்குவதை நிறுத்தி, அது ஓராண்டு நீடித்தால், அடுத்த சேர்க்கையில் அவருக்கு முன்னுரிமை வழங்கத் தடையில்லை என்று தெரிவித்தது.

இந்தப் பதில் எப்படியோ வெளியே கசிந்தது. அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் கோயில் வளாகத்தில் தாய்மார்கள் பிள்ளைகளின் வாயைப் பொத்தத் தொடங்கினார்கள். மார்சிலிங்கிலிருந்து தெம்பனிஸ் வரை, பிள்ளைக்குத் தமிழ் இலக்கியத்தில் இடம் வேண்டும் என்று விரும்பிய குடும்பங்கள் வீட்டில் தமிழை நிறுத்தின. சில வீடுகளில் இதற்குப் பெருமுயற்சி தேவைப்பட்டது. பெரும்பாலான வீடுகளில் எதையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை. அவர்கள் தமிழுக்காக இந்தத் தியாகத்தைப் பல ஆண்டுகளாகச் சத்தமில்லாமல் செய்து வந்திருக்கிறார்கள் என்பது அப்போதுதான் தெரிய வந்தது.

செம்பவாங்கில் முயற்சி தேவைப்பட்டது. அருளானந்தத்துக்குத் தெரிந்த ஆங்கிலம் ஸ்டோர் ஆங்கிலம். அன்றிரவு சாப்பிட உட்கார்ந்தவர், மகளின் எதிர்காலத்தை மனதில் வைத்து, நிமிர்ந்து, "ரைஸ், ஒன் லாட், இஷ்யூ" என்றார்.

ரூபிக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு சோறு போட்டாள்.

"ஃபிஷ் கறி, டூ நம்பர்ஸ்."

போட்டாள்.

"ரசம்..." என்று தொடங்கியவர் திணறினார். பட்டறையில் ரசம் இருப்பு வைப்பதில்லை. கையை ஆட்டினார், கிண்ணத்தைக் காட்டினார், கடைசியில் ரசம் இல்லாமலே சோற்றைப் பிசைய ஆரம்பித்தார். மீன் முள் ஏதோ தொண்டையில் மாட்டியிருக்க வேண்டும். கண் கலங்கியிருந்தது.

ரூபியால் பொறுக்க முடியவில்லை. "அப்பா, முள்ளா? தண்ணி தரவா? ஏதாச்சும் பேசுங்கப்பா."

அருளானந்தம் உதட்டின் மேல் விரலை வைத்தார். கதவைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார். பிறகு யாருக்கும் கேட்காத குரலில் அதட்டினார்:

"ஷ்! உனக்குத் தமிழ் படிக்கணும்னு ஆசை இருக்கா, இல்லையா?"